பின்னணிக்குக் கொஞ்சம் இந்தியா வேண்டுமாம்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனிக் கதவை இறுக்கிச் சாத்திவிட்டுக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். நூரம்பெர்க் வந்து இத்தனை வருடமாகியும் தாளிப்பதென்றால் கதவைச் சாத்தித்தான். திறந்து வைத்தால் மேல்வீட்டு அம்மாள் சண்டைக்கு வரமாட்டாள். வந்தாலாவது நாலு வார்த்தை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வீட்டு நிர்வாகத்துக்குக் கடுதாசி எழுதுவாள். அவர்கள் எனக்கொரு கடுதாசி எழுதுவார்கள். கடைசி வரியில் 'நட்பார்ந்த வணக்கங்களுடன்' என்று இருக்கும். இந்த நாட்டில் யாராவது நட்பார்ந்த வணக்கம் சொன்னாலே என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்போதுதான் போனில் ரவி அனுப்பிய படம் வந்தது. ரவி என் பெரியப்பா மகன், எங்கள் ஊர் செந்துறையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். படத்தில் ஒரு ஃபிளெக்ஸ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு கடையின் மாடி முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. 'ஜெர்மனி நாட்டில் நாவல் எழுதி மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்வி அக்காவே, வருக! வருக!'

நான் ஊருக்கு வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் 'வருக' போடாமல் ஃபிளெக்ஸ் அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. என் முகத்தை எந்தப் பாஸ்போர்ட்டிலிருந்து பிடுங்கினானோ, கைதி போல முறைத்துக்கொண்டிருந்தேன். கீழே வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்கள். வேலித் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட கைகூப்பிக்கொண்டிருந்தான். போன மாதம் பிறந்த குழந்தைக்கும் கூலிங்கிளாஸ் மாட்டி 'அன்புடன் வரவேற்கும்' என்று போட்டிருந்தார்கள்.

எல்லாம் சரி, சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நடுவில், என் படத்தைவிடப் பெரிதாக, வெள்ளைச் சட்டையில் என் சித்தப்பா கலியபெருமாள் நின்றார். அவர் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'நாவலின் நாயகன்'.

கடுகு கருகியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாவலில் சித்தப்பா என்ன செய்கிறார் என்பது அவரைத் தவிர செந்துறையில் ஒரு ஆளுக்கும் தெரியாது. நாவல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது, அடுத்த மாதம்தான் வெளியாகிறது. ரொம்ப முக்கியமாக, அது என் சித்தி தனக்கோடிக்குத் தெரியாது.

2

நாவல் எழுத உட்கார்ந்தபோது சித்தப்பாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் அம்மா பிறந்தது பாடாலூர்ப் பக்கம். அங்கே சின்ன வெங்காயம்தான் எல்லாம். வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்து வைக்க வயலிலேயே படல் கட்டிப் பட்டறை போடுவார்கள். அந்தப் பட்டறை யாருடையது என்று இரண்டு அக்கா தங்கைகள் ஆயுசு முழுக்கச் சண்டை போடுகிறார்கள். அவ்வளவுதான் என் நாவல். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. போகவர ரயிலில் உட்கார்ந்து எழுதினேன். மகள் நிலா ஜெர்மனைத் திருத்திக் கொடுத்தாள். இந்த மொழியில் மேசை ஆண், விளக்கு பெண், சின்னப் பெண்பிள்ளை மட்டும் இரண்டும் இல்லை. அதை யார் வைத்தார்களோ, எங்கள் ஊருக்கு வந்துபோனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பதிப்பகத்தில் எடிட்டர் பெயர் பிரிகிட்டே. தங்கமான மனுஷி. இஞ்சி டீ கொடுத்து உட்கார வைத்துக்கொண்டு, "அழகான கதை. ஆனால் இதில் இந்தியா எங்கே?" என்று கேட்டாள்.

"வெங்காயம் இருக்கிறதே" என்றேன்.

"இல்லையில்லை. உங்கள் நாட்டின் கொந்தளிப்பான நவீன வரலாறு. அது பின்னணியில் ஓட வேண்டும். எங்கள் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள்." மேசையில் மஞ்சள் சீட்டுகளை வரிசையாக ஒட்டினாள். பிரிவினை. போர். எமர்ஜென்சி. கலவரம். குழம்புக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்தது.

எங்களுக்குத் தெரிந்த பிரிவினை ஒன்றுதான். நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி ஜில்லா. பிறகு பெரம்பலூர் மாவட்டம் ஆனது. பிறகு அரியலூரைப் பிரித்தார்கள். ஆட்சி மாறியதும் திரும்பச் சேர்த்தார்கள். இன்னொரு ஆட்சி வந்ததும் மறுபடி பிரித்தார்கள். இதில் ரத்தம் சிந்தவில்லை, பெயர்ப்பலகைகளில் பெயிண்ட்தான் சிந்தியது. அந்தப் பிரிவினையில் அகதியாகி அல்லல்பட்டது நான் ஒருத்தி மட்டும்தான். குடியுரிமைக்காக இங்கே ஆபீசுக்குப் போனபோது, பள்ளிச் சான்றிதழில் திருச்சி, பாஸ்போர்ட்டில் பெரம்பலூர், ஊரிலிருந்து வந்த உறுதிச் சான்றில் அரியலூர். அந்த அதிகாரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் எத்தனை இடத்தில் பிறந்தீர்கள்?" என்றார். நாங்கள் நகரவில்லை ஐயா, மாவட்டம்தான் நகர்ந்தது என்று விளக்கப் பார்த்தேன். என் ஜெர்மனில் அது நிலநடுக்கம் வந்த கதை போலக் கேட்டிருக்க வேண்டும். வருத்தம் தெரிவித்தார். அடுத்த தேதி கொடுத்தார்.

இதற்கு நடுவில் அவர்கள் நாட்டு வரலாற்றை நான் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். சுவர் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது, எல்லாம் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு. அவர்கள் வரலாற்றை நான் டிக் அடித்தால் போதும். என் நாட்டு வரலாற்றை மட்டும் நான் வலியோடு, உணர்ச்சியோடு, முன்னூறு பக்கத்துக்குள் கொடுக்க வேண்டும்!

3

சரி, கேட்டுவிட்டாள், கொடுப்போம் என்று சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவின் கடைசித் தம்பி. எழுபது தாண்டிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பழசையெல்லாம் வாய்விட்டுப் பேசுகிற ஆள் அவர்தான்.

"பிரிவினையா? அதெல்லாம் வடக்க நடந்ததுல்ல ஆத்தா. இங்க அந்த வருசம் மழ இல்லன்னு எங்க அப்பா சொல்லுவாரு. நமக்குக் கணக்கு என்ன? ரயில் கவுந்த வருசம், முந்திரி விக்காத வருசம், அவ்வளவுதான்."

"எமர்ஜென்சி சித்தப்பா?"

சித்தப்பா வீட்டை விட்டு வெளியே நடந்து போகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பாசயில எழுதற?"

"ஜெர்மன்ல."

"இங்க எவனாவது படிப்பானா?"

"யாரு படிக்கப் போறா?"

"தமிழ்ல வருமா?"

"வராது சித்தப்பா."

அதற்கப்புறம்தான் சொன்னார். அவ்வளவு வருடமும் ஒருத்தரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னார்.

அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குச் சொந்த நிலம் ஒரு காணிகூடக் கிடையாது, முந்திரித் தோப்புகளில் கூலி வேலை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்க வேண்டுமென்று யாரோ ஒரு அதிகாரிக்கு மேலே இருந்து எண்ணிக்கை கொடுத்திருந்தார்கள். ஜீப் வந்தாலே ஆண்கள் தோப்புக்குள் ஓடிவிடுவார்களாம். சித்தப்பா ஓடவில்லை. வந்தால் பட்டா தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"கல்யாணமே ஆவலன்னு சொன்னேன் ஆத்தா. அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்னு, ரெண்டு புள்ளைக்கு அப்பன்னு எழுதிக்கிட்டானுவ. நான் அப்பன்னு யாராவது எழுதுனது அது ஒண்ணுதான். பட்டா வரல. ஒரு வாளி குடுத்து அனுப்புனானுவ."

இரண்டு வருடம் கழித்து அவருக்குச் சித்தியைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் நான் பாவாடை சட்டையோடு ஓடியது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். சித்தி சுற்றாத கோயில் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா, "உங்க வீட்டுக்காரரையும் ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்" என்று சொன்னதற்கு, "எனக்கென்னங்க கோளாறு?" என்று சித்தப்பா சத்தம் போட்டு எழுந்து வந்துவிட்டார். டாக்டர் வாயைக் கட்டிவிட்டார், ஊர் வாயை யார் கட்டுவது? மலடி என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வளைகாப்பு என்றால் சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். என் வளைகாப்புக்கு ஊரே வந்து என் கையில் வளையல் அடுக்கியது. சித்தியை இரண்டு தடவை கூப்பிட்டேன். "புளிசாதம் கிண்டணும், வேல கெடக்கு" என்றாள்.

"சித்திகிட்ட ஏன் சித்தப்பா சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அவ்வளவு கோபம்.

"மொத வருசம் சொல்லிப்புடலாம்னுதான் இருந்தேன். அப்பறம் வெக்கமாப் போச்சு. அப்பறம் பயமாப் போச்சு. இனிமே என்னத்தச் சொல்றது? நீ எழுதிக்க. எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

எழுதினேன். பிரிகிட்டே படித்துவிட்டு அழுதாள், நிஜமாகவே அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்கினாள். சித்தப்பா கதை வந்த பதினோராம் அத்தியாயத்தை முதல் அத்தியாயம் ஆக்கினாள். வெங்காயப் பட்டறையையும் அக்கா தங்கைகளையும் பின்னால் தள்ளினாள். "மனைவி கோயில் கோயிலாகப் போகும் பக்கங்கள் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கின்றன" என்று சொல்லி, இருபது பக்கத்தை அரைப் பக்கமாக வெட்டினாள். நாடு கொந்தளித்தால் வரலாறு, அந்தப் பொம்பளை கொந்தளித்தால் வேகத்தைக் குறைக்கிறதாம்! நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். புத்தகம் வரவேண்டுமே.

4

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கருகின கடுகை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போய் ரவிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, நாயகன்னு யாருடா உன்னப் போடச் சொன்னது?"

"சித்தப்பாவேதான்க்கா சொன்னாரு. டீக்கடையில எல்லாருகிட்டயும், எம்மவ எழுதுன புஸ்தகத்துல நாந்தான் ஹீரோன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நல்லாருக்குல்ல? அரியலூர்லயும் ஒண்ணு வச்சிடலாம்னு இருக்கோம்."

என்னத்தைச் சொல்வேன்? ஆயுசு முழுக்க வாயைத் திறக்காத மனுஷன். ஜெர்மன்தானே, எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியத்தில் பெருமையடிக்கக் கிளம்பிவிட்டார். கடைசி காலத்தில் ஒரு ஆசை.

"அத உடனே எறக்குடா" என்றேன்.

"எப்புடிக்கா எறக்கறது? எம்எல்ஏ படம் வேற ஓரத்துல போட்ருக்கு. எறக்குனா பிரச்சின ஆயிடும்."

எனக்கும் ரவிக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் கூடத்தில் நிலாவின் போன் அடித்திருக்கிறது. நிலாவுக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள். எங்கள் ஊரில் அவள் தானாகப் பேசுவது தனக்கோடி பாட்டியிடம் மட்டும்தான். சித்தியிடம் பேசித்தான் அவளுக்குக் கொஞ்சநஞ்சத் தமிழாவது தங்கியிருக்கிறது. நான் வெளியே வந்தபோது பேச்சு முடிகிற இடத்தில் இருந்தது. என்ன பேசினார்கள் என்று நிலாதான் அப்புறம் ஒப்பித்தாள்.

"கண்ணு, உங்க அம்மா புஸ்தகத்துல தாத்தா என்ன பண்றாரு? நாயகன்னு போட்ருக்கானுவ. இந்தாளு நாயகனாவுற அளவுக்கு என்னத்தக் கிழிச்சாரு?"

"அந்த ஹீரோவோட கதை ரொம்ப சோகம் பாட்டி. கவர்மெண்ட் அவருக்கு ஆபரேஷன் பண்ணிடும். பேபி வராத ஆபரேஷன். அவரு வைஃப்கிட்ட சொல்லவே மாட்டாரு. எல்லாரும் அவங்களத்தான் திட்டுவாங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

"தெரியாது பாட்டி. கடைசி வரைக்கும் தெரியாது. அதான் கதையே."

"சரி கண்ணு. வச்சிடறேன்."

நிலா என்னைப் பார்த்து, "பாட்டிக்குக் கதை பிடிக்கல போல" என்றாள்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அது வெறும் கதை இல்லை, அந்தப் பொம்பளை பாட்டிதான் என்று. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஜெர்மனில் கேட்டாள், கோபம் வந்தால் அவளுக்கு ஜெர்மன்தான் வரும்: "அப்படியென்றால், முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, பாட்டிக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?"

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றிவளைத்துக் கேட்கும், நாமும் சுற்றிவளைத்துத் தப்பிக்கலாம். சித்தப்பாவை நோக்கி நான் எறிந்த அதே கேள்விதான் என் தலையில் வந்து விழுந்தது. அவருக்காவது பயம் என்று ஒரு காரணம் இருந்தது.

5

திங்கட்கிழமை பிரிகிட்டேயிடம் போய் அச்சை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றாள், சொன்னேன். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "கடவுளே, எவ்வளவு பெரிய விஷயம்! அச்சு முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த பதிப்பில் இதை ஒரு பின்னுரையாகச் சேர்க்கலாமா?" என்று கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. எங்கள் வீட்டில் இழவு விழுந்தாலும் அவளுக்கு அது நல்ல அத்தியாயமாகத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா கூப்பிட்டார்.

"தெரிஞ்சிருச்சு ஆத்தா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. மாடு கன்னுக்குத் தண்ணி வைக்கிறா. சோறு போடுறா. மொகத்தப் பாக்க மாட்டேங்குறா. நாலு சாத்து சாத்திருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அப்படிப் பாவம் பார்க்கிற என்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

சித்தி வியாழக்கிழமை கூப்பிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வீடியோவில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது, பின்னால் முந்திரி மரம். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நல்லெண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தாள்.

"சித்தி" என்றேன். "மன்னிச்சிடு சித்தி. தமிழ்ல வராது. சத்தியமா வராது. ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் வராது?"

"உன் மானம் போயிடும்ல?"

"எம்மானம் போயி எத்தன காலமாச்சுடி! புதுசா என்ன போவப்போவுது? தமிழ்ல போடு."

தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

"சித்தப்பாவ ஊரே கேலி பண்ணும் சித்தி. இந்த வயசுல அவரு..."

"பண்ணட்டும். அவரக் கூட்டிக்கிட்டுப் போனவனுவளையும் கேக்கட்டும், எங்கிட்ட வந்து மூச்சு விடாம இருந்த அவரையும் கேக்கட்டும். வரிசையா கேக்கட்டும். நான் ஒருத்தியே எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா?" அவள் குரல் உயரவே இல்லை. "கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வூட்டுக்குப் போலாம்னா, அங்க யாரு இருக்கா? இந்தாளுக்கு என்ன வுட்டா ஆரு கஞ்சி ஊத்துவா? அது கெடக்குது. எனக்கு வேற கவல."

"என்ன சித்தி?"

"என்னப் பேசுனவளுவள்ல பாதிப் பேரு செத்துட்டாளுவ செல்வி. தெரியாமயே செத்துட்டாளுவ. அதத்தான் என்னால தாங்க முடியல. மேலத்தெரு அஞ்சல இருக்கால்ல, எனக்குக் கண்ணு பட்டுடும்னு புள்ளைக்குச் சோறூட்டுறப்ப முந்தானையால மூடிக்கிட்டவ, அவளுக்கு ஒரு வாரமா மூச்சு வாங்குது. ஆசுபத்திரிக்கும் போவ மாட்டேங்குறா. நீ எப்ப எழுதி முடிப்ப?"

"முழுசாத் தமிழ்ல எழுதணும்னா ஒரு வருஷமாவது ஆகும்."

"ஒரு வருசம் அவ தாங்க மாட்டா. எம்பாகத்த மட்டும் மொதல்ல எழுதி அனுப்பு. ரவிய வச்சுப் படிக்கச் சொல்லிக்கிறேன், அவ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து."

உன் பாகம் அரைப் பக்கம்தான் சித்தி, மீதி வேகத்தைக் குறைத்ததாம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. வெட்டிப் போட்ட பக்கங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. திறந்து பார்த்தேன். அவளைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருக்கிறேன், எல்லாம் 'அந்த மனைவி', 'அந்தப் பெண்'. சித்தப்பாவுக்கு ஒரு பெயர், ஜீப் டிரைவருக்குக்கூட ஒரு பெயர் வைத்திருந்தேன். அவளுக்கு மட்டும் எங்கேயும் பெயர் வைக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரிக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

"நீ சொல்லு சித்தி, நான் தமிழ்லயே எழுதிக்கிறேன். பேர மட்டும் மாத்திடலாம். என்ன பேரு வைக்கட்டும்?"

சித்தி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"ஏன், எம்பேருக்கு என்ன? தனக்கோடின்னே போடு. மாத்துனா அஞ்சல வேற எவளோன்னு நெனச்சிக்கிட்டுச் செத்துப் போயிடுவா."